அத்திம்பேர் சொன்ன மழை

இட்லிப் பானையின் மூடியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அத்திம்பேர் சமையலறையில் நின்ற காலைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. என் அக்காவின் கணவர் அவர். திருவனந்தபுரத்தில் வானிலை ஆபீசில் உத்தியோகம். என் கணவர் காலமான பிறகு நான் வலியசாலையில் அவர்கள் வீட்டோடு வந்துவிட்டேன். அன்றைக்கு மாடியில் வடாம் பிழியலாமா, மழை வந்துவிடுமா என்று அக்கா கேட்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவரோ மூடியைக் காட்டினார். "பாரு, முதல்லே பொடிப்பொடியா வேர்த்தாப்லே இருக்கும். அது விழாது. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனம் வந்தாத்தான் விழும். எது எதோட சேரும்னு நான் எப்படிச் சொல்றது?" அக்கா மூடியைப் பிடுங்கிக்கொண்டாள். "இட்லி ஆறிப்போறது, கேட்டேளா!"

தெருவே அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்கும். கடலிலிருந்து ஆவி எழுகிறது, காற்று அதைப் பொன்முடிப் பக்கத்து மலைகளில் கொண்டுபோய் முட்ட வைக்கிறது, மேலே ஏற ஏறக் குளிர்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூசியிலும் கடல் உப்பிலும் நீர் ஒட்டிக்கொண்டு மேகமாகிறது என்று பொறுமையாக விளக்குவார். விழ ஆரம்பித்த துளி பாதி வழியிலேயே வற்றிப்போவதும் உண்டு என்பார். கடைசியில், "சொல்ல முடியாது." கேட்டவர் குடை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமலே பஸ்ஸுக்கு ஓடுவார். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், அலுத்துப்போனதும் அதுதான்.

அவர்களுடைய ஒரே பெண்ணின் கல்யாணம் துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், அமைந்தது. அந்த மாதத்தில் இங்கே காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுத்து இடியோடு கொட்டும். தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டும். தகரம் பார்க்க நன்றாயிருக்காது, துணிப் பந்தல்தான் அழகு என்று அக்காவுக்கு ஆசை. மழை வருமா என்று கேட்டாள். அவர் வழக்கம்போல ஆவியில் ஆரம்பித்தார். அக்கா அழுதேவிட்டாள். "ஊருக்கெல்லாம் ஆபீசரா இருந்துக்கோங்கோ. எனக்கு ஆம்படையானா ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" அவர் அவளைப் பார்த்தார். பிறகு, "வராது. துணியே போடச் சொல்லு" என்றார்.

பிள்ளை வீட்டார் பந்தியில் இருக்கும்போது கொட்டியது. துணி தொய்ந்து, தண்ணீர் தேங்கி, அவர்கள் தலைமேலேயே கிழிந்தது. பாயசம் ரசமாயிற்று. "சம்பந்தி வானிலை ஆபீசாக்கும்!" என்று ஒருவர் சொல்ல, நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். அத்திம்பேர் கையில் சாதத் தட்டோடு மழையிலேயே நின்றார்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் அவரிடம் மழையைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். அவர் காதுபடப் பால்காரரிடம் கேட்பாள். தினமும் காலையில் அவர் கொல்லையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து ஒருமுறை கனைப்பார். அவள் காபியை நீட்டுவாள், அவ்வளவுதான். "உங்கக்கா இப்பல்லாம் கேக்கறதில்லே, பாத்தியா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். இரண்டு பேர் நடுவில் வருஷக்கணக்காக அப்படிக் குடியிருப்பது எவ்வளவு அலுப்பு என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அவர் படுத்த படுக்கை. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, காதும் மந்தம். குளிர் ஆகாதென்று உள்ளறை ஜன்னலைத் திறப்பதில்லை. பெண் வெளிநாட்டிலிருந்து போனில் அழுகிறாள். புரட்டிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் கிழவிகள் நாங்கள் இருவரும்தான். மழைக்காலத்தில் அவருடைய விரிப்புகள் காய்வதே இல்லை. என் இடுப்பு எப்போதோ விட்டுப்போயிற்று.

போன துலா மாதத்தில் ஒரு சாயங்காலம். வானம் மைபோல இருந்தது. குடையோடு கோவிலுக்குக் கிளம்பிய அக்கா என்ன நினைத்தாளோ, உள்ளறைக்குப் போய் அவர் காதருகே குனிந்தாள். "ஏன்னா, மழை வருமா?"

அவர் அவளையே பார்த்தார். வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. சொல்ல முடியாது என்பார் என்று நான் நினைத்தேன்.

"வராது."

அக்கா குடையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். "பைத்தியமா உனக்கு? வானத்தைப் பாரு" என்றேன். அதற்குள் படியிறங்கிவிட்டாள். அவரைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே பின்னால் ஓடுவது?

தெருமுனை தாண்டியிருக்க மாட்டாள், பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து திரும்பி வந்தவளை நான் திட்ட வாயெடுத்தேன். உதட்டில் விரல் வைத்தாள். புடவையை மாற்றி, தலையைத் துவட்டி முடிந்துகொண்டு உள்ளே போனாள். வெளியே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துதோ?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"எங்கே! நீங்கதான் சொல்லிட்டேளே. ஒரு துளி விழல்லே."