முப்பத்தேழாம் நம்பர் கால்

என் சித்தி அமிர்தவள்ளியை யாரும் அழகி என்று சொன்னதில்லை. அவள் முகத்தைப் பற்றி மாதனூரில் யாருக்கும் தனியாக ஒரு கருத்து கிடையாது. ஆனால் அவள் கால் வெளிநாட்டில் பிரபலம். நான் மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றியபோது, குளிர் நாடுகளில் என் எதிரே நடந்துபோன பெண்களின் செருப்புகளில் சில, முதலில் என் சித்தி காலில் ஏறி இறங்கியவைதான். அந்தப் பெண்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாக நடந்திருப்பார்கள்.

ஷூ கம்பெனியில் பெண்களுக்கான எந்த மாடலையும் முதலில் ஐரோப்பிய அளவில் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்கள். அதை ஒரு நிஜக் காலில் போட்டு நடக்கவைக்க வேண்டும். முப்பத்தேழு போடுகிற பெண்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஆனால் அச்சில் வார்த்ததுபோல முப்பத்தேழாக இருக்கிற கால் கிடைக்காது. ஒருத்திக்குக் குதிகால் ஒல்லி, ஒருத்திக்குக் கட்டைவிரல் பக்கவாட்டில் துருத்தும். பதின்மூன்று வருஷம் தையல் மெஷினில் குனிந்து கிடந்த சித்தியின் காலை ஒருநாள் அளந்தார்கள். சாம்பிள் ரூமின் பேட்டர்ன் மாஸ்டர் முனீர் அகமது டேப்பை மடித்து வைத்துவிட்டு, இன்னொரு முறை எடுத்து அளந்தாராம். அன்றிலிருந்து அவள் கம்பெனியின் கால்.

சாம்பிள் ரூமில் ஏசி உண்டு, பிஸ்கட்டோடு டீ உண்டு. சித்திக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். அவள் ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு நாலடி நடந்தால் எட்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: “எப்படிமா கீது?” அவள் உடனே சொல்லிவிட மாட்டாள். கொஞ்சம் யோசிப்பாள். “இங்க ஒரு ரெண்டு மில்லி கடிக்குது” என்பாள். எட்டு பேரும் குனிந்து குறித்துக்கொள்வார்கள். மெஷினில் இருந்த பதின்மூன்று வருஷமும் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. ‘டார்கெட் முடிஞ்சிதா’ என்பதை நான் கேள்வியில் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட கால் முட்டியில் பழுதானது எப்படி என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பஸ்ஸில் இறங்கும்போது பிசகியது என்பது அவள் எல்லோருக்கும் சொன்னது. நடந்தது வேறு.

சென்ற ஆடி மாதம் டென்மார்க்கிலிருந்து மொத்தமாக வாங்குகிற ஒரு பையர், ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிற பெண்களுக்காக வழுக்காத ஷூ கேட்டிருந்தார். எண்ணெய் கொட்டின தரையிலும் வழுக்கக் கூடாது. முனீர் பாய் அதற்கென்று ஒரு ரப்பர் சோல் கண்டுபிடித்து வைத்தார். சாம்பிளைப் போட்டுக்கொண்டு ரூமுக்கு வெளியே போகக் கூடாது என்பது கம்பெனியில் பெரிய சட்டம். சித்தி மதிய சாப்பாட்டுக்கு அதைப் போட்டபடியே போனாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தோழிகள் இரண்டு பேர் இருந்தார்கள். மேனேஜர் சம்பத் சாரை நடித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் நடை அந்தக் கம்பெனியில் பெயர்போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முட்டியைக் கொஞ்சம் மடித்து, வாத்து மாதிரி நாலடி வைப்பார். பிறகு எதையோ கண்டுபிடித்துவிட்டதுபோல ஒற்றைக்காலில் சட்டென்று திரும்புவார். சித்தி நாலடி வைத்தாள். திரும்பினாள். உடம்பு திரும்பியது, தொடை திரும்பியது. பாதம் திரும்பவில்லை. வழுக்கவே கூடாது என்று செய்த ஷூ, சொன்ன வேலையைச் செய்தது.

உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். அன்றைக்குப் பெரிதாக வலிக்கவில்லை. மறுநாள் காலை முட்டி பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால், சாம்பிளைப் போட்டுக்கொண்டு எங்கே போனாய் என்பார்கள். என்ன செய்தாய் என்பார்கள். சம்பத் சாருக்குப் போகும். அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். தையல் லைனில் நிஷா என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது. அவள் கால் கிட்டத்தட்ட முப்பத்தேழு என்று பேச்சு. நொண்டுகிற காலை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? சித்தி வாயை மூடிக்கொண்டாள்.

அவள் செய்த தவறு அதுவல்ல. மூடிய வாயோடு சாம்பிள் ரூமில் நடந்தாள் பாருங்கள், அதுதான்.

அவள் நடந்ததை முனீர் பாய் பார்த்தார். இடது பக்கம் லேசாக இழுக்கிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பேட்டர்ன் வெட்டுகிறவர். அவர் கண் முதலில் ஷூவைத்தான் சந்தேகப்படும். “எங்கமா இடிக்குது?” என்றார். சித்தி ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். “குதிகால் கொஞ்சம் ஜாஸ்தி பாய்” என்றாள். அவர் குதிகாலைக் குறைத்தார். அடுத்த வாரமும் இழுத்தது. உள்பக்கம் மெத்தை வைத்தார். அடுத்த வாரம் சோலை ஒரு பக்கம் சீவினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சித்தி ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஐந்து வாரத்தில் ஐந்து ஜோடி. ஐந்தாவது ஜோடியைப் போட்டபோது உண்மையிலேயே நடை நேராகிவிட்டது. முனீர் பாய் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தார். முட்டி பிய்ந்த ஒரு பெண்மணிக்கு அளவெடுத்துச் செய்த, உலகத்திலேயே ஒரே ஷூ அது. அதைத்தான் பையருக்கு என்று முத்திரை போட்டு வைத்தார்கள்.

இந்த ஐந்து வாரமும் வீட்டில் வைத்தியம் நடந்தது. முதலில் தைலம். பிறகு அணைக்கட்டுப் பக்கம் ஒரு கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போகச் சொன்னாள், ஸ்கூட்டியில் கூட்டிப்போனேன். அவர் முட்டியைத் தொட்டுவிட்டு எலும்பு நகர்ந்திருக்கிறது என்றார். முட்டைவெள்ளையும் உளுந்து மாவும் தடவித் துணியைச் சுற்றினார். மாவு வாசனைக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் இட்லி சாப்பிட்டு வந்தாயா என்று கேட்கிறார்கள் என்று நாலாம் நாள் கட்டை அவளே பிரித்துவிட்டாள்.

வலி போகவில்லை, ஆனால் பழகிவிட்டது. படியிறங்கும்போது மட்டும் முட்டி திடீரென்று கழன்றுகொள்வதுபோல இருக்கும் என்பாள். குந்தி உட்கார்ந்தால் உள்பக்கம் ஊசி. வீட்டில் குந்துவதை நிறுத்தினாள். கம்பெனி கக்கூஸில் வேறு வழி கிடையாது.

பையர் வருவது திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை அவள் உள்ளே போய்க் குந்தினாள். எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கால் நீண்டது, இடது கால் நீளவில்லை. முட்டி மடிந்த நிலையிலேயே பூட்டிக்கொண்டது. கதவும் பூட்டியிருந்தது. இருபது நிமிஷம் கழித்து மெயின்டனன்ஸ் ஆள் தாழ்ப்பாளைக் கழற்றினார். நாலு பெண்கள் சுற்றிச் சேலை பிடிக்க, உட்கார்ந்த கோலத்திலேயே அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். வேன் ஏறும் வரைக்கும் அவள் சம்பத் சாரையோ முட்டியையோ நினைக்கவில்லையாம், ஷூவைத்தான் நினைத்தாளாம். “ஷூவ கயட்டி வெச்சிட்டுத்தான் போனேன்” என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு டாக்டர் தேவிகாவுக்கு என் வயதுதான் இருக்கும். முட்டியின் உள்பக்க ஓரத்தை ஒரு விரலால் அழுத்தினார். சித்தி அந்த டாக்டரின் பரம்பரையைப் பற்றி மெதுவாக ஒன்று சொன்னாள். எக்ஸ்ரேவில் இது தெரியாது என்று ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

படத்தை வைத்து டாக்டர் விளக்கியதை நான் கேட்டபடி சொல்கிறேன். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. ரப்பர் மாதிரி. அதிர்ச்சியைத் தாங்குவது அவற்றின் வேலை. முட்டி மடிந்து, பாதம் தரையில் பதிந்திருக்கும்போது உடம்பு திரும்பினால், இரண்டு எலும்புக்கும் நடுவே அந்த மெத்தை மாட்டிக் கிழியும். பந்து விளையாடுகிறவர்களுக்கு நிறைய வரும். வயதானவர்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவே வேண்டாம். தேய்ந்துபோன மெத்தை, தரையில் உட்கார்ந்து எழுந்தாலே கிழியும்.

“நீங்க பந்து விளையாடுவீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“பஸ்ல எறங்கனேன்” என்றாள் சித்தி.

ஆணும் பெண்ணும் கலந்த வார்டு அது. பக்கத்துக் கட்டிலில் கலவை என்ற ஊரிலிருந்து வந்த ரத்தினசாமி என்கிற விவசாயி. அறுபத்து மூன்று வயது. அவருக்கும் இதே மெத்தைதான் கிழிந்திருந்தது. ஆனால் அவருக்கு ஆபரேஷன் வேண்டாம், முட்டி பூட்டிக்கொள்ளவில்லை, தொடைச் சதைக்கு மூன்று மாதம் பயிற்சி செய்தால் பெரும்பாலும் வலி அடங்கிவிடும் என்று சொல்லி, பயிற்சி பழகும்வரை மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தம். இவ்வளவு தூரம் வந்து காலைத் தூக்கு, இறக்கு என்று சொல்லி அனுப்புகிறார்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். சித்தி அவரைப் பொறாமையோடு பார்த்தாள். அவரும் அவளை அப்படியே பார்த்தார்.

சித்திக்குக் கிழிசல் நீளம். கிழிந்த துண்டு வாளிக் கைப்பிடி மாதிரி புரண்டு நடுவில் சொருகியிருந்தது. முட்டி பூட்டிக்கொண்டது அதனால்தான். சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் சரிசெய்ய வேண்டும். அதில் இரண்டு வழி. துண்டை வெட்டி எடுத்துவிடலாம், அல்லது இருந்த இடத்தில் தள்ளித் தைக்கலாம்.

வெட்டினால் எப்போது நடக்கலாம் என்று கேட்டாள் சித்தி. ஓரிரு நாளில் மெல்ல நடக்கலாம், சில வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். தைத்தால்? ஆறு வாரம் ஊன்றுகோலும் பட்டையும். நாலைந்து மாதம் குந்தக் கூடாது. தையல் பிடிக்காமலும் போகலாம்.

“வெட்டிடுங்க” என்றாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. மெத்தையின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, உள் ஓரத்துக்குக் கிடையாது. ரத்தம் போகிற இடத்தில் தைத்தால்தான் ஒட்டும். இவளுக்குக் கிழிந்தது நல்லவேளையாக வெளி ஓரத்தில். வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் எலும்பு எலும்போடு உரசும், ஐம்பது வயதிலேயே மூட்டு தேய வாய்ப்பு அதிகம். முப்பத்தொன்பது வயதில் தைக்கக்கூடியதை வெட்டச் சொல்லாதீர்கள் என்றார். கையெழுத்துப் போடும் தாளை வைத்துவிட்டுப் போனார். ஆபரேஷன் சனிக்கிழமை.

அவர் போனதும் சித்தியைத் திட்டினேன். பதின்மூன்று வருஷம் தைத்தவளுக்குத் தையல் மேல் நம்பிக்கை இல்லையா என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. “ஆறு மாசம் போனா நிஷா கால்தான் கால்” என்றாள். “நீ ஊர் சுத்தறவ. ஒனக்கு எந்தக் கால் இருந்தா இன்னா.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனீர் பாய் வந்தார். ஒரு கையில் சாத்துக்குடி, இன்னொரு கையில் ஷூ டப்பா. முகம் சரியில்லை. சித்தியின் உடம்பை விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை நடந்து காட்ட நிஷாவுக்கு அந்த ஐந்தாவது ஜோடியைப் போட்டுப் பார்த்தார்களாம். நிஷா நொண்டினாளாம். கழற்றினால் நன்றாக நடக்கிறாள், போட்டால் நொண்டுகிறாள். சம்பத் சார் அவர் மேல் எரிந்து விழுந்திருக்கிறார்.

“எனக்கு ஒண்ணும் புரியலமா” என்றார். “அஞ்சி வாரமா என் கண்ணுதான் பூடுச்சின்னு நெனச்சிக்கினு கீறேன். போன வாரம் கண்ணாடிகூட மாத்தினேன். நீ ஒரு வார்த்த சொல்லு. எத மாத்தணும்?”

அப்போதுதான் நான் பார்த்தேன். புதுக் கண்ணாடி. காதில் இன்னும் சரியாக உட்காரவில்லை.

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். குதிகால், மெத்தை, சோல் என்று அவளிடம் இன்னும் எத்தனையோ காரணங்கள் இருந்தன. 

“மொத ஜோடி சரிதான் பாய்” என்றாள். “ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. என் முட்டிதான் கோணல்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், சம்பத் சார் நடை உட்பட. ரத்தினசாமி வலியை மறந்து எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

முனீர் பாய் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். முதல் ஜோடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

“அஞ்சி ஜோடிமா” என்றார். அவ்வளவுதான்.

அவர் போனபின் சித்தி தாளைக் கேட்டாள். இனி ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டியது எதுவும் கம்பெனியில் மிச்சமில்லை. தைக்கச் சொல்லு என்று கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு நிஷா நடந்தாள். ஆர்டர் கிடைத்தது. கம்பெனியின் கால் நிஷா என்று ஆனது. சம்பத் சார் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். அதில் ‘கேலி’ என்ற வார்த்தையை எங்கும் எழுத முடியாமல் அவர் பட்ட பாடு தெரிந்தது. சித்தி ஆறு வாரம் பட்டையோடு படுத்திருந்து, பிறகு பிசியோதெரபி ஆரோக்கியமேரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு தொடையை இறுக்கி இறுக்கி விட்டாள். தையல் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் மாதம் வேலைக்குப் போனாள். செக்கிங் டேபிளில் உட்காரவைத்தார்கள். யாரும் அவளை எதையும் கேட்கவில்லை.

போன மாதம் முனீர் பாய் ஆள் அனுப்பினார். இனி ஒரே காலை நம்புவதாக இல்லை, எந்தச் சாம்பிளையும் இரண்டு பேர் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் புதுச் சட்டம் போட்டிருந்தார். நிஷா ஒரு புது மாடலைப் போட்டு நடந்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்து சித்தி. நாலடி நடந்தாள். நின்றாள்.

“சுண்டுவிரல் பக்கம் கடிக்குது” என்றாள்.

எட்டு பேரும் குனிந்தார்கள். ஷூவை அல்ல, அவள் இடது முட்டியைப் பார்த்தார்கள். முனீர் பாயும்தான்.

“முட்டிய பாக்காதீங்க பாய்” என்றாள் சித்தி. “ஷூவ பாருங்க.”

அவர் அவளை ஒருமுறை நடந்து திரும்பச் சொன்னார். வெறுங்காலோடு இன்னொரு முறை. பிறகு ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டார். விரல்கள் உள்ளே போய்த் தடவிக்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் நின்றன. உள்துணி தையலுக்கு அடியில் மடிந்து, ஒரு மெல்லிய வரம்பு மாதிரி நின்றிருந்தது.

காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்தார்.

“எவ்ளோ?” என்றார்.

சித்தி கொஞ்சம் யோசித்தாள்.