ஒன்பதரை ஆகாத செவ்வாய்க்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் புதுக் கடிகாரம் வந்திருக்கிறது என்று முன்பே எழுதியிருந்தேனே... ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் ஃபேக்டரிக் கடிகாரத்துக்கும் ஒரே வயர். இங்கே முள்ளைத் திருத்தினால் அங்கேயும் முள் தானாகத் திருந்திக்கொள்ளும். ஃபேக்டரிக் கடிகாரம்தான் சங்கை ஊதவைக்கும். கிளார்க் என்பதால் திருத்தும் வேலை என் தலையில்.

முந்தின வாரம் கடிகாரம் வேகமாக ஓடியது. தாய்மார் பால் கொடுக்க இறங்கிவரும் ஒன்பதரைச் சங்கு ஊதிய கையோடு ஐந்து நிமிடம் பின்னால் தள்ளினேன். மறுபடி ஒன்பதரை வந்தது, மறுபடி ஊதியது! தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சிரிக்க முடியவில்லை.

ரேடியோவில் நேரம் சொன்னார்கள் – ஒன்பது முப்பத்திரண்டு. எங்கள் கடிகாரத்தில் ஒன்பது இருபத்துநான்கு. எட்டு நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு, பெருமையாக டீ குடித்தேன்.

பத்து மணிக்கு ஜன்னலருகே செல்வமணி வந்து நின்றாள். கொழுந்து பறிப்பவள். மூன்று மாதக் குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகிறவள். மூச்சு வாங்கியது. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. பின்னாலேயே, அவளை வழிமறித்துக் கூட்டிவந்த கங்காணி.

"பாருங்கய்யா, பால் குடுக்கிற சங்கு ஊதாமலே மலையை விட்டு இறங்கிட்டா!"

"நெஞ்சு கனத்துப்போச்சுங்கய்யா. மணி ஒன்பதரை தாண்டிருச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"சங்கு ஊதலைன்னா ஒன்பதரை ஆகலைன்னுதானே அர்த்தம்?"

"இப்ப பத்தாச்சே கங்காணி" என்றேன்.

"அப்ப ஒன்பதரை எப்பங்கய்யா ஆச்சு?"

நானும் யோசித்தேன். இருபத்துநான்கிலிருந்து முப்பத்திரண்டுக்குத் தாவியிருக்கிறேன். நடுவில் இருந்த ஒன்பதரை எங்கே போனது? அந்த நிமிடத்துக்கு முள் தானாக நடந்து வந்தால்தான் சங்கு ஊதும். நான் தள்ளினால் ஊதாது. அப்படியென்றால் ஒன்பதரை ஆனதா, ஆகவில்லையா? எனக்குத் தலை சுற்றியது.

பக்கத்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து அழுகுரல் கேட்டது. ஒன்றல்ல... நாலைந்து.

"தப்பு என்னுதுதான். நீ போம்மா" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

மற்ற தாய்மார் இன்னும் மலையில்தான் சங்குக்குக் காத்திருந்தார்கள். வேறு வழி? முள்ளை ஒன்பது இருபத்தொன்பதுக்குப் பின்னால் இழுத்தேன். ஒரு நிமிடம். சங்கு ஊதியது. பத்தேகாலுக்கு ஒன்பதரை ஆனது! ஊதி முடித்த பிறகே முள்ளைச் சரியான நேரத்துக்குத் தள்ளினேன். கங்காணி என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் முள்ளைத் தொடுமுன், நான் தாண்டப்போகும் நிமிடங்களில் யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் காலையே, மலைக்குப் போகும் வழியில் செல்வமணி ஜன்னலில் எட்டிப்பார்த்துக் கேட்டாள்:

"ஐயா, இன்னைக்கும் மணியைத் திருத்தப் போறீங்களா? சொல்லிருங்க... புள்ளைக்கு இப்பவே இன்னொருக்கா குடுத்துட்டுப் போறேன்."