மூன்று மணிச் சோறு

என் மனைவி இப்போது பகல் பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பிட்டுவிடுகிறாள், கீழ்புத்துப்பட்டில் மகள் வீட்டில். மரக்காணத்தில் நான் தனியாக இருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

நான் வேதியியல் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தேன். உப்பு வாருகிற மாதங்களில் கடைசி லாரியை அனுப்பிவிட்டு வீடு திரும்ப மூன்று மணியாகும், சில நாள் நான்கு. நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அவள் அம்மா அப்படி இருந்தார், இவளும் அப்படியே இருந்தாள். பசி பொறுக்காதபோது ஒரு டம்ளர் டீ குடிப்பாள். பிறகு இன்னொன்று.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பல நாள் வியாபாரிகளோடு கூனிமேட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவேன். சட்டைப் பையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுப்பேன். அடுப்படியில் அவள் ஆறிப்போன சோற்றைத் தட்டில் போடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

அவளுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், ஏப்பம், குமட்டல். மருந்துக்கடை மாத்திரையில் சில வருடங்கள் ஓடின. பிறகு புதுச்சேரியில் ஒரு டாக்டர் அம்மாளிடம் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையின் உள்பக்கம் சிவந்து வீங்கியிருக்கிறது, நாள்பட்ட அழற்சி என்றார். கிருமி எதுவும் இல்லை. நேரம் தவறிச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. ஒரு மணிக்கெல்லாம் சாப்ட்டுடுவேன்" என்றாள்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் வாய் திறக்கவில்லை. காரம், புளி, ஊறுகாய், வெறும் வயிற்றில் டீ எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அதிகாரம் செய்தேன். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அவளுக்கு உயிரான நெத்திலிக் கருவாட்டைத் தூக்கிப் போட்டேன். மிளகாய்த் தூளைக்கூட நானே அளந்தேன். நான் வீடு திரும்பும் நேரத்தை மட்டும் மாற்றவில்லை. சப்பென்ற குழம்பை வைத்துக்கொண்டு அவள் மூன்று மணிவரை காத்திருந்தாள். எரிச்சல் அடங்கவில்லை. ஒளித்து வைத்துத் தின்கிறாய் என்று ஒருநாள் ஏசினேன்.

"ஆமா, மடியில கருவாடு கட்டிக்கினு இருக்கேன், வந்து பாருங்க" என்றாள்.

பேத்தி பிறந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். மகளும் மருமகனும் ஆரோவில்லில் வேலை செய்கிறார்கள். குழந்தைக்குப் பன்னிரண்டரைக்குச் சோறு. ஊட்டும்போதே இவளும் சாப்பிடப் பழகினாள். சில மாதங்களில் எரிச்சல் போய்விட்டது. கருவாடுகூடக் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறதாம்.

பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் போனில் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொன்னேன். வேலையை விட்டாயிற்று, நேரத்துக்கு வீட்டில் இருப்பேன் என்றேன்.

"அங்க வந்தா உங்க செருப்பு சத்தம் கேக்காம எனக்குச் சோறு எறங்காதுங்க. இன்னும் கொஞ்ச நாள் உடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரே ஒரு வேளை அப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆசை வந்தது. வருகிறேன் என்று சொன்னால் காத்திருப்பாள். அதனால் சொல்லாமல், பன்னிரண்டுக்குப் போய்ச் சேரும்படி போன வாரம் பஸ் ஏறினேன். வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்தேன். சாப்பிட்டிருக்க வேண்டும் என்றும் இருந்தது, கூடாது என்றும் இருந்தது. போய்ச் சேர இரண்டு மணி.

வீட்டில் அவள் மட்டும்தான். அவள் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"சொல்லிட்டு வந்திருந்தா சாப்புடாம இருந்திருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல."

எனக்குப் போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சோறு ஆறியிருந்தது. சூடாக வடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று அப்படியே சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்ள மாட்டாளா என்று இருந்தது. கேட்கவில்லை.