கால் கரண்டி வெண்ணெய்

செய்த்காலிக்கு இந்த உலகத்தில் எதிரி என்று ஒன்றுதான் உண்டு, அது கடல் காற்று. மனிதர்களோடு அவருக்குச் சண்டை வராது. வந்தாலும் ஒரு கிண்ணம் தேநீருக்கு மேல் நீடிக்காது. ஆனால் காஸ்பியன் பக்கமிருந்து மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மனிதர் முகமே மாறிவிடும். அந்தப் பாழாய்ப்போன காற்று நேராக அவர் வீட்டுப் புகைபோக்கிக்குள் இறங்கி, வீட்டைச் சூடாக்க நடையில் நிற்கிற கேஸ் பாய்லரின் நெருப்பை ஊதி அணைத்துவிட்டுப் போகும். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, நீளத் தீக்குச்சியை உள்ளே விட்டு மறுபடி பற்றவைப்பார். பற்றவைக்கும்போது காற்றைத் திட்டுவார். காற்று பதில் சொல்லாது என்பதால் மனைவி சர்பினாஸையும் சேர்த்துத் திட்டுவார்.

"எல்லாம் உன்னாலதான் கிழவி. மருமகளா வந்த அன்னைக்கு நீ ஊத்தினது கால் கரண்டி வெண்ணெய். நெருப்புக்கு வயிறு நிறையல. அதான் எப்பப் பாரு கோவிச்சுக்கிட்டுப் போயிடுது."

"அப்ப உங்கம்மாகிட்டப் போய்க் கேளுங்க கிழவரே. தட்டுல வெச்சதே அவ்வளவுதான்."

இது பொய். புகுந்த வீட்டு நெருப்புக்குப் புதுப்பெண் வெண்ணெய் ஊற்றுவது அந்த ஊர் வழக்கம்; அதற்காகத் தட்டில் ஒரு கிண்ணம் நிறைய உருக்கிய வெண்ணெய் இருந்தது. கடையில் சீட்டுக் கொடுத்து வரிசையில் நின்று வெண்ணெய் வாங்கிய காலம் அது. புதுப்பெண்ணாக நடைக்குள் வந்த சர்பினாஸ், நெருப்பைக் கும்பிட்டுக் கால் கரண்டி ஊற்றினாள். மிச்சத்தை யாரும் சொல்லாமலே பத்திரமாகத் தட்டில் திருப்பி வைத்தாள். பெண்கள் முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமியார் வாயைப் பொத்தவில்லை. அன்றைக்குத் தொடங்கிய வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். செய்த்காலி இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தவர். கிளிஞ்சல் கல்லை அறுத்து அடுக்கி அவரே கட்டிய வீடு. சுவரில் கை வைத்தால் என்றோ செத்த சிப்பிகள் உள்ளங்கையில் குத்தும். ஆக்தாவ் நகரமே கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிற ஊர். அப்படிக் காய்ச்சிக் கொடுக்கிற ஆலையின் கொதிகலன்களுக்கு நடுவே அவருடைய வேலைக்காலம் முழுவதும் போயிற்று. ஆலையில் நெருப்பு, வீட்டுக்கு வந்தால் நடையில் அதே நெருப்பு. மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். கடைக்குட்டி தவ்ரென்தான் வீட்டோடு இருப்பவன். அங்கே வழக்கப்படி கடைக்குட்டிக்குத்தானே அப்பன் வீடும் அப்பன் நெருப்பும்!

தவ்ரென் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறவன், புது மாதிரி. கோடைக்கென்று அவன் வாங்கிக் கொடுத்த ஏசியின் வெளிப்பெட்டியைச் செய்த்காலி கடல் பார்த்த சுவரில் மாட்டவைத்தார். "நல்லா காத்து வாங்கட்டும்" என்றார். காற்று வாங்கியதோ இல்லையோ, உப்பு வாங்கிற்று. சில கோடைக்குள் தகடு பொரிந்து, ஒரு நாள் உள்ளே சுற்றுகிற இறக்கை கழன்று, பக்கத்து வீட்டு ஒட்டகத்தின் காலடியில் போய் விழுந்தது. அந்த ஒட்டகம் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதேயில்லை.

"அப்பா, குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே மெஷின் வந்திருக்கு. நெருப்பே வேண்டாம். பாய்லரையும் எடுத்துடலாம்" என்றான் தவ்ரென்.

"நெருப்பு இல்லாத வீட்டுக்குப் பேர் வீடு இல்லடா, கொட்டகை."

இரண்டு குளிர்காலம் அவன் கேட்டான். இரண்டு குளிர்காலமும் இவர் இதையே சொன்னார். பிடித்த பிடியை விடாத மனிதர்.

மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரியில், மேற்குக் காற்று விடாமல் அடித்த ஒரு பகல். செய்த்காலி ரொட்டி வாங்கப் போயிருந்தார். அன்றைக்குக் காற்று நெருப்பை அணைக்கவில்லை. அணைத்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். எரிகிற நெருப்பின் புகையை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, மாவு பிசைந்துகொண்டிருந்த சர்பினாஸ் அடுக்களைத் தரையில் கிடந்தாள். கையெல்லாம் மாவு.

எப்படித் தூக்கினார், எப்படி முற்றத்துக்குக் கொண்டுவந்தார் என்று இன்றைக்கு வரை அவருக்குத் தெரியாது. அந்தக் குளிரில் வெறுந்தரையில் உட்கார்ந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு, பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கத்தினார். கடைசியில் அவள் கண் திறந்தது. சுற்றிப் பார்த்தாள்.

"மாவு காஞ்சுடும். துணி போட்டு மூடுங்க" என்றாள்.

செய்த்காலி குழந்தை மாதிரி அழுதார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வருவதற்கு முன்பே அவர் கேஸ்காரர்களை வரவழைத்துக் குழாயையே அடைக்கச் சொல்லிவிட்டார். பாய்லருக்கு மட்டுமில்லை, சமையலுக்கும் சேர்த்து. "ஒரு பொறிகூட இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றார். அடுக்களைக்குக் கரண்ட் அடுப்பு வந்தது. ருஸ்தாம் என்கிற மெக்கானிக் வந்து புது மெஷினைப் பொருத்தினான். அவன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளிப்பெட்டியை முற்றத்தின் கிழக்கு மூலையில், வாசலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்த மூலையிலதான் அண்ணே கடல் காத்து படாது. இங்க வெச்சா உப்பு திங்காது."

பழைய பாய்லரை ஏற்றிப்போக இரும்புக்காரன் வந்தபோது மட்டும் செய்த்காலி, "அது கிடக்கட்டும், நீ போ" என்றார். அதை ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

வீடு கதகதவென்று இருந்தது. புகையால் வந்த சர்பினாஸின் இருமலும் நின்றது. ஆனால் செய்த்காலி கால் கரண்டி வெண்ணெயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். பற்றவைத்துக்கொண்டே திட்டுவதற்குப் பாய்லர் இல்லை என்பது ஒன்று. இரண்டு குளிர்காலம் மகன் சொன்னதைக் கேட்காமல் இருந்தது நெஞ்சில் கிடந்து அறுத்தது என்பது இன்னொன்று. மனைவியை நேராகப் பார்த்துப் பேசவே அவருக்குக் கூசியது.

இந்த நேரம் பார்த்து தவ்ரெனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் அக்போத்தா, அல்மாட்டியில் படித்தவள். தேதி குறித்த அன்றே செய்த்காலியின் அக்கா பீபிசாதா போன் போட்டாள்.

"ஏண்டா தம்பி, உன் வீட்டுல நெருப்பே இல்லையாமே? மருமகப்பொண்ணு வெண்ணெயை எதுல ஊத்துவா? ரிமோட்டுலயா?"

அக்கா கேட்டது சிரிப்புக்குத்தான். செய்த்காலிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"பட்டணத்துல எல்லாம் வாணலியில கொஞ்சம் பஞ்சைக் கொளுத்தி அதுல ஊத்திக்கிறாங்க. நாமும் அப்படிச் செஞ்சுக்கலாம்" என்றாள் சர்பினாஸ்.

"பஞ்சு நெருப்பா? கடைக்குட்டி பொண்டாட்டிக்கு அப்பன் வீட்டு நெருப்பு வேணும். நான்தான் அதை அணைச்சேன்."

"அணைச்சா என்ன? நான் வெண்ணெய் ஊத்தினதுக்கு உங்க நெருப்பு எனக்கு என்ன பண்ணிச்சு? மூச்சைத்தானே அடைச்சுச்சு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். போன பிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அங்கே அவர் பழைய பாய்லரின் மேல்மூடியை அறுத்தார். பக்கத்தில் ஒரு வாய் வெட்டினார். உட்புறக் கரியைச் சுரண்டினார். ஒரு வாரத்தில் அது கொப்பரை ஏற்றுகிற அடுப்பாகிவிட்டது. எங்கே வைப்பது? வீட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் காற்று. கிழக்கு மூலை ஒன்றில்தான் காற்றில்லை. அங்கேயே, ருஸ்தாம் வைத்த வெளிப்பெட்டிக்கு எதிரே வைத்து, சக்சாவுல் விறகு போட்டுப் பற்றவைத்துப் பார்த்தார். அழகாக எரிந்தது. அன்று வெயில் நாள், மெஷின் ஓடவில்லை. ஓடினால் அந்தப் பெட்டி காற்றை ஊதும் என்பதை மட்டும் மனிதர் யோசிக்கவில்லை. கொதிகலன்களோடு காலம் தள்ளியவருக்கு இது தோன்றியிருக்கக் கூடாதா? ஆசை கண்ணை மறைத்தது, வேறென்ன!

கல்யாண நாள் வந்தது. வசந்தம் என்று பேர்தான், காலையிலிருந்தே ஊசிக் குளிர். வீட்டுக்குள் விருந்தாளிகள் நிறைந்து, யாரோ மெஷினை முழு வேகத்தில் வைத்துவிட்டார்கள். வெளியே பாட்டுக்காரன் பாடி முடித்து, பெண்ணின் முகத்திரை விலக்கியாகிவிட்டது. மிட்டாய்கள் தலைக்கு மேல் பறந்தன. இரண்டு பக்கமும் மதினிகள் கை பிடிக்க, அக்போத்தா வெண்ணெய்க் கிண்ணத்தோடு அடுப்பு முன்னால் வந்து நின்றாள். சரியாக அப்போது, வீட்டுக்குள் சூட்டை அனுப்பிக்கொண்டிருந்த வெளிப்பெட்டி உறுமிக்கொண்டு சில்லென்ற காற்றை முழுசாக அடுப்பின் வாய்க்குள் ஊதியது. நெருப்பு படுத்துவிட்டது.

ஒரு மதினி குனிந்து ஊதினாள். இன்னொருத்தி விறகைக் கிளறினாள். சாம்பல் பறந்து பெண்ணின் வெள்ளைக் கவுனில் விழுந்ததுதான் மிச்சம்.

"மருமக வந்து நிக்கும்போதாடா அணையும்?" என்று பீபிசாதா அக்கா சத்தமாகவே கேட்டாள். செய்த்காலியின் முகம் செத்துப்போயிற்று. கடல் காற்றை ஏமாற்றியாகிவிட்டது. இந்தக் காற்றை அவரே அல்லவா விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்!

மெஷினை நிறுத்த வீட்டுக்குள் ஓடினார். ரிமோட்டைத் தேடிப் பிடித்து எதையோ அழுத்தினார். அது நிற்கவில்லை. மேலே சுவரிலிருந்து ஐஸ் மாதிரிக் காற்று கொட்டத் தொடங்கியது. உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

"சம்பந்தி, பொண்ணு வந்தாச்சுன்னு எங்களை விரட்டுறீங்களா?"

இன்னொரு பொத்தானை அழுத்தினார், இன்னும் வேகம் கூடியது. ரிமோட்டைச் சம்பந்தியின் மடியில் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சர்பினாஸ் அடுப்புக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கென்று தைத்த வெல்வெட் மேலங்கியைக் கழற்றி, இரண்டு கையாலும் அகல விரித்து முதுகுப் பக்கம் பிடித்திருந்தாள். மெஷின் காற்று அதில் மோதிப் பாய் மாதிரிப் புடைத்தது. அந்த மறைவில் நெருப்பு மெல்லத் தலை தூக்கிக்கொண்டிருந்தது. தலை தூக்கிய நெருப்பின் புகை முழுவதும் அவள் முகத்தில்.

"ஏய், தள்ளிப் போடி! புகை! அந்தப் புகை உனக்கு ஆகாது!" கூட்டத்தையும் மறந்து கத்தினார் செய்த்காலி. அவருக்குப் பிப்ரவரிதான் கண்ணில் நின்றது.

"சும்மா இருங்க கிழவரே. மூச்சு விட வானம் பூரா கிடக்கு" என்றாள் அவள், இருமிக்கொண்டே. பிறகு மருமகளைப் பார்த்து, "ஊத்தும்மா" என்றாள்.

"தீத்தாயே, வெண்ணெய்த் தாயே, காப்பாத்து" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அக்போத்தா கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து ஊற்றினாள்.

"என்னம்மா இது, கண்ணுக்கு மருந்து விடற மாதிரி? கிண்ணத்தோட கவுத்து. நான் அன்னைக்கு மிச்சம் பிடிச்சுட்டேன். அந்தக் கோவத்துலதான் இது இத்தனை வருஷமா எங்களைப் படுத்தி வெச்சுது." கண்ணில் தண்ணீர் வழிய அவள் கணவனைப் பார்த்தாள். "தப்பு இது மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல. கால் கரண்டி ஊத்தினேன் பாருங்க, எல்லாம் என் கஞ்சத்தனம்."

அக்போத்தா மாமியாரை ஒரு தரம் பார்த்தாள். கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தாள். நெருப்பு அடுப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

வீட்டுக்குள்ளிருந்து யாரோ, "குளிருது, இதை யாராவது நிறுத்துங்களேன்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். செய்த்காலி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவியின் பக்கத்தில் போய் நின்று, அங்கியின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"தட்டுல வெச்சதே அவ்வளவுதான்னியே கிழவி" என்றார்.