தீப்பெட்டி ஆபீசில் ஒரு ராக் குழு

என் சின்ன வயதில் ஒருநாள், மாலை நாலு மணிக்குச் சித்தப்பாவின் குழுவோடு மதுரைக்குக் கிளம்ப வேண்டிய வேன் டிரம்மர் மாரிக்காக நின்றபோதே எல்லாம் கெடத் தொடங்கிவிட்டது. இன்று என் மகள் தன் குழுவின் முதல் கச்சேரிக்குப் பழகுகையில், சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி வாசனை மாடியிலிருந்து இறங்கி அந்த வேனை நினைவுபடுத்துகிறது.

கோவில்பட்டியில் அப்பா நடத்திய, இப்போது இல்லாத, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையில், மெழுகும் தீக்குச்சி மருந்தும் மணக்கும் காலிக் கொட்டகையில்தான் சித்தப்பாவின் ராக் குழு சொந்தப் பாட்டுகளை வாசித்துப் பழகியது, சுவருக்கு அந்தப் பக்கம் மருந்தில் முக்குவதற்காக மரச் சட்டத்தில் குச்சி அடுக்கும் பெண்களின் விரல்கள் டிரம்ஸோடு சேர்ந்து வேகமெடுக்கும், அது நின்றால் "ஏ மாரி, ஏன்யா நிறுத்திட்ட? கை ஓட மாட்டேங்குல்லா" என்று சிரிப்பார்கள், மாரியும் அந்த ஆபீசில் கூலிக்கு இருந்தவன்தான்.

மதுரை, அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை. அதில் ஏறாமலே குழு கலைந்தது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா வேனிலேயே உட்கார்ந்திருந்தார். இருட்டிய பிறகு அப்பாதான் வந்தார்.

"மாரி வரமாட்டாம்ல. காலையில தீப்பெட்டி லோடு போவணும், ராத்திரியும் வேல நடக்கு. அவன் ஆபீசுல டிரம் அடிச்சாத்தான் பொம்பளையளுக்குக் கை ஓடுது. ஒங்க பாட்ட எவம்ல கேக்கான்?"