ஜிப் போன பை

எங்கள் தெருவில் ஜிப் அக்காவின் கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. மலைக்குப் போகும் பஸ் திரும்புகிற முனையில், வெளிச்சுவர் பூராவும் ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாகச் சாமான் தொங்கும் கடை எதுவோ அதுதான். ஒற்றைக்கால் பூட்ஸ், வளைந்துபோன ஊன்றுகோல், மழைக்கோட்டு, மூடி இல்லாத பிளாஸ்க், யார் வீட்டுக் குழந்தையுடையதோ ஒரு கம்பளித் தொப்பி. எல்லாம் மலைப்பாதையில் கிடந்தவை. எல்லாம் அக்காவின் முதுகில் ஏறி இறங்கியவை.

அக்கா தையல்காரி. சட்டை, பாவாடை தைப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். மலையேறுகிறவர்கள் பை, கூடாரம், ஜாக்கெட் என்று கொண்டுவந்து கொட்டும் ஜிப் வேலைக்கே நேரம் போதவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் வழியில் நிறுத்தி, "அக்கா, இந்த ஜிப்பைக் கொஞ்சம் பாரேன்" என்று கையில் திணித்துவிடுகிறார்கள் என்று மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். கண்ணில் பட்டதை விட்டுவிட்டு வருகிற ஆளில்லை. முதலில் ஒரு கையுறை. பிறகு கிழிந்த கூடாரம் ஒன்று. கிழிசலைத் தைத்து, அழுக்கைத் துவைத்து, சுவரில் மாட்டினாள். சொந்தக்காரர் வந்து அடையாளம் சொன்னால் எடுத்துக்கொண்டு போகலாம். அடுத்த மழைக்காலம் வரைக்கும் யாரும் வரவில்லை என்றால், தேவைப்பட்டவர் கொண்டுபோகலாம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மழைக்கோட்டு அந்தச் சுவரிலிருந்து வந்ததுதான்.

"திருடின சாமானை எவனாவது நடுத்தெருவிலே தொங்கப்போடுவானா?" என்பாள், யாரும் கேட்காமலே.

யாரும் கேட்காமல் இல்லை. வழிகாட்டிகள் சங்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் சங்கத்துக்கு ஒரு கொட்டகை உண்டு. அங்கே கோட்டும் கோலும் வாடகைக்குக் கிடைக்கும். அக்காவின் சுவர் இருக்கிறவரை அந்தக் கொட்டகையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று சங்கச் செயலாளர் டீக்கடையில் சொல்லிச் சொல்லி ஆறிப்போவார். அதற்கு மேல் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை அக்காவே கொடுத்தாள்.

மலை உச்சிக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. பாரமான பையை அங்கே இறக்கி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு உச்சிக்கு ஏறுவார்கள். கல் இருந்தால், 'வந்துகொண்டே இருக்கிறேன், தொடாதே' என்று அர்த்தம். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட இது தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

ஒரு நாள் அந்தப் பாறையடியில் ஒரு பை இருந்தது. பையின் மேல் கல்லும் இருந்தது. ஆனால் அக்காவின் கண் கல்லுக்குப் போகவில்லை. நேரே ஜிப்புக்குப் போனது. பாதிப் பல் கொட்டி, ரன்னர் கழன்று எங்கேயோ போய், வாய் பிளந்து கிடந்தது பை. ஒரு ஜாக்கெட்டின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப் செத்துப்போன பையை இனிமேல் யார் சுமப்பார்கள்? எவனோ கடுப்பில் வீசிவிட்டுப் போயிருக்கிறான். கல் மேலேயிருந்து உருண்டு வந்து உட்கார்ந்திருக்கும். இப்படியெல்லாம் அவளே ஒரு கதை கட்டி, அவளே நம்பி, கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாகப் பழைய ஜிப்பைப் பிரித்துப் போட்டாள். புதிதாக நீல ஜிப் வைத்துத் தைத்து, சுவரின் நடு ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் கடை வாசலில் கூட்டம். பைக்குச் சொந்தக்காரர் முன்னால் நின்றார். பக்கத்து ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். உச்சியிலிருந்து இறங்கிப் பார்த்தபோது பை இல்லை. ஜாக்கெட், தண்ணீர், முழங்காலில் கட்டும் பட்டை எல்லாம் அதற்குள். மெல்லிய சட்டையோடு அந்தக் காற்றில், வலிக்கிற காலை இழுத்து இழுத்து இறங்கியிருக்கிறார். பாதி வழியில் வழிகாட்டிகள் பார்த்துக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில், கல்யாண வீட்டு மாமன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு செயலாளர்.

"பாத்தீங்களா எல்லாரும்? கல்லு வச்ச பையையே தூக்கிட்டு வந்திருக்கா!"

"கல்லு உருண்டு வந்ததுன்னு நெனச்சேன்."

"கல்லு உருண்டு வந்து கரெக்டா பை மேல ஏறி உக்காந்துச்சாக்கும்?"

கூட்டம் சிரித்தது. அக்காவின் முகம் சிவந்தது. அவள் செயலாளரைப் பார்க்காமல் நேரே மருந்துக்கடைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, தப்பு என்னுதுதான். கல்லைப் பாத்தேன், பாத்தும் எடுத்தேன். உங்க காலுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பதில் சொல்றது? மன்னிச்சிடுங்க."

அவள் ஆணியிலிருந்து எடுத்து நீட்டிய பையை அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜிப்பை யார் மாத்தச் சொன்னது?"

"பல்லே இல்லையேண்ணே..."

"அந்தப் பல்லோடதான் நான் இத்தனை வருஷமா போய்க்கிட்டிருக்கேன். அதுவும் நீலத்துல!"

"கறுப்பு கைவசம் இல்லை."

"சரி, சரி" என்று செயலாளர் குறுக்கே புகுந்தார். "மன்னிப்புக் கேட்டாச்சு. இப்ப இந்தச் சுவரைக் காலி பண்ணு. இனிமே மலையிலே எது கிடைச்சாலும் சங்கக் கொட்டகைக்குத்தான் வரணும்."

"அங்க வந்து?"

"பத்திரமா இருக்கும்."

"வாடகைக்குப் போகும்னு சொல்லுங்க. குழந்தைத் தொப்பிக்கு மணிக்கு எவ்வளவு வாங்குவீங்க?"

இந்தத் தடவை கூட்டம் வேறு பக்கமாகச் சிரித்தது. செயலாளரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நாளைக்குள்ள சுவர் வெறுஞ்சுவரா இருக்கணும். இல்லேன்னா உன் வீட்டுக்காரன் வண்டிக்கு ஒரு சவாரி கிடையாது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இதுதான் அடி. அக்காவின் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். பஸ் நிறுத்தத்திலிருந்து பாதை தொடங்கும் இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவது வேலை. எந்த வண்டியில் ஏறுவது என்று கைகாட்டி விடுவது சங்கத்து ஆட்கள். வீட்டுக்காரரோ வாய் செத்த மனுஷர். செயலாளர் தும்மினாலும் இவர் வண்டியை ஓரங்கட்டுவார் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? கழட்டிரு. பழைய பூட்ஸ்தானே."

"பையை எடுத்தது தப்பு. அதுக்கு மன்னிப்பும் கேட்டாச்சு. சுவர் என்ன தப்பு பண்ணுச்சு?"

"சவாரி இல்லேன்னா அடுப்பு எப்படி எரியும்?"

"என் மெஷின் ஓடுதுல்ல?"

"உன் மெஷின் ஓடும். நான் என்ன பண்றது? வாசல்ல உக்காந்து ஆணி எண்ணவா?"

அக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். கோபம் பாதி அவர் மேல், பாதி தன் மேல். அந்தக் கல்லை எடுத்த கை அவளுடையதுதானே. கல்லை விட்டிருந்தால் அந்தச் செயலாளருக்கு வாயைத் திறக்க இடம் கிடைத்திருக்குமா?

காலையில் ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பார்த்தவர்கள் 'உச்' கொட்டினார்கள். ஜிப் அக்காவே பணிந்துவிட்டாள் என்று பால் வாங்க வந்த இடத்தில் பேச்சு. வீட்டுக்காரருக்கு நிம்மதியில் முகம் தெளிந்தது. சாமானை எல்லாம் வேனில் ஏற்ற அவரே கைகொடுத்தார்.

"கொட்டகையிலதானே இறக்கணும்?"

"முதல்ல வண்டியை எடுங்க."

பாதை தொடங்கும் இடத்தில், கொட்டகைக்கு நேர் எதிரே, ரோட்டோரம் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். கடையிலிருந்தே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த கொக்கிகளை எடுத்து வேனின் ஜன்னல் கம்பிகளில் மாட்டினாள். கொக்கிக்கு ஒன்றாகப் பூட்ஸ், கோட்டு, பிளாஸ்க். மேலே கேரியர் ஓரமாக ஊன்றுகோல்கள். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்றே?"

"சுவரை வெறுஞ்சுவர் ஆக்கச் சொன்னாரு, ஆக்கியாச்சு. சாமானைக் கொட்டகையில இறக்கலேன்னா எப்படியும் சவாரி தரமாட்டாரு. சும்மா நிக்கப்போற வண்டிதானே, இங்க நிக்கட்டும்."

மலையேற வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து, போன கோடையில் தொலைத்த தன் மழைக்கோட்டை உட்பையில் போட்ட மை அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டாள். இன்னொருவர் பாதையில் கண்டெடுத்த கண்ணாடியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். அக்கா எல்லாரிடமும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பாறைகிட்ட இருக்கிறதை மட்டும் தொடாதீங்க. கல்லு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நான் பட்டாச்சு."

கொட்டகையிலிருந்து செயலாளர் வந்தார். பின்னால் இரண்டு வழிகாட்டிகள். அக்காவைத் தாண்டிப் போனார். நேரே வேன் கதவைத் தட்டினார்.

"வண்டியை எடுப்பா."

வீட்டுக்காரர் இறங்கினார். செயலாளரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் கையில் குழந்தைத் தொப்பியை வைத்துக்கொண்டு, மாட்ட இடம் தேடுகிற மாதிரி நின்றாள். அவர் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். எடுத்துக்கொண்டு வந்தது ஜாக்கி.

"என்னப்பா இது?"

"பஞ்சர்ங்க."

"காத்து நல்லாத்தானே இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. உள்ளுக்குள்ள போகும்."

வண்டியைத் தூக்கி நிறுத்தி, நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி எடுத்தார். அவசரமே இல்லை. நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் போட்டார். சக்கரத்தைச் செயலாளரின் காலடியில் படுக்கவைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"எப்ப ஒட்டுவே?"

"ஒட்டுற ஆள் கீழ இருக்காரு. வண்டியிலதான் போகணும். வண்டிக்குச் சக்கரம் இல்லைங்களே."

வழிகாட்டிகளில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.  அக்கா வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தாள். சக்கரம் போன இடத்தில் போல்ட்டுகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸை முந்தானையால் துடைத்துவிட்டு, ஒன்றில் அந்தக் கம்பளித் தொப்பியை மாட்டினாள்.

"இன்னும் இடம் இருக்குங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். "அந்த ஒத்தைப் பூட்ஸை எடுங்க."