சிவப்புக் கோடும் ஒரு பழைய வானும்

ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், வலையிறவுப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பின்னால் எட்டுப் பேரும் முன்னால் ஒருவருமாக ஒன்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். பாலம் முடிந்ததும் வானை ஓரமாக நிறுத்தினேன்.

என் வானில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதென்றால் முன்னால் இருப்பவர் இறங்க வேண்டும், இருக்கையைத் தூக்க வேண்டும், மூடியைத் திறக்கச் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முன்னால் இருந்தவர் சமூகக்கல்வி படிப்பிக்கும் மூத்த ஆசிரியர். அந்த வருடத்தோடு ஓய்வுபெற இருந்தவர். அவர் இறங்கி நின்று வாவியைப் பார்த்தார். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். மூடியைத் திறந்ததும் றேடியேட்டர் ஒரு போத்தல் தண்ணீரை உள்வாங்கியது. முதல் நாள்தான் நிரப்பியிருந்தேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவர்களுடைய பாடசாலைக்கு நேரத்துக்குப் போகும் பஸ் கிடையாது. அதனால்தான் நகரத்து ஆசிரியர்கள் சேர்ந்து வான் பிடிக்கிறார்கள். ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். அதற்குக் கீழே ஒப்பமிடுபவர்களின் லீவில் கைவைப்பார்கள். நான் நிருபராக இருந்த பத்திரிகை தன் மாவட்ட நிருபர்களைக் குறைத்தபோது எனக்கு மிஞ்சியது இந்த வான்தான். ஒன்பது பேரையும் கோட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டால் வீடு நடக்கும். இறக்காவிட்டால் அவர்கள் வேறு வான் பார்ப்பார்கள். ஒப்பந்தம் என்று எழுதிவைத்தது எதுவும் இல்லை.

அன்று கோட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகும் தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது.

முதலில் வானுக்குக் கீழே பார்த்தேன். எங்கள் வளவு மணல். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாலும் சற்று நேரத்தில் அடையாளமே இருக்காது. ஆகவே பழைய பத்திரிகைகளை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, அவற்றின் மேல் வானை நிறுத்தினேன். காலையில் தாள்கள் காய்ந்தே கிடந்தன. எண்ணெய்ச் சொட்டு ஒன்று மட்டும் தெரிந்தது. தாள் மாற்றி மாற்றி இப்படிப் பலமுறை பார்த்தேன்.

ஏறாவூரில் கராஜ் வைத்திருப்பவரை எல்லோரும், அண்ணன் என்ற முறையில், காக்கா என்பார்கள். நானும் அப்படித்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"றேடியேட்டர்தான் தம்பி. ஊசி முனையளவு ஓட்ட ஈக்கும்."

றேடியேட்டரை மாற்றினோம். தண்ணீர் குறைந்தது. வோட்டர் பம்பை மாற்றினோம். குறைந்தது. ஹோஸ்களை மாற்றினோம், மூடியை மாற்றினோம்.

"ஹெட் கஸ்கட் போய்த் தண்ணி எஞ்சினுக்குள்ள எரிஞ்சா சைலன்சரால வெள்ளப் புகை வரணும்," என்றார் காக்கா. "வரல்லயே."

"மறுகா தண்ணி எங்க போகுது?"

"அதத்தான் நானும் உங்களிட்டக் கேக்கன்."

கடைசியில், வெறும் தண்ணீரை விட்டுவிட்டுப் பச்சை நிறக் கூலன்ட் ஊற்றச் சொன்னார். ஒழுகும் இடத்தில் பச்சை தெரியும் என்றார். ஊற்றினேன். எஞ்சினில் எங்கும் பச்சை தெரியவில்லை. மட்டம் மட்டும் இறங்கியது.

தினமும் புறப்படுமுன் மூத்த ஆசிரியர் இறங்குவதும் நான் இருக்கையைத் தூக்குவதும் வழக்கமாகிவிட்டன.

"தம்பி, நான் இந்த வானில ஏறினத விட இறங்கினதுதான் கூட," என்றார் ஒருநாள்.

"பாவம், அதுக்குத் தண்ணி விடாய் சேர்," என்றார் பின்னாலிருந்து ஆங்கில ஆசிரியர். வானில் அவர்தான் பகிடிக்காரர்.

நடுவரிசையில் கணிதம் படிப்பிக்கும் டீச்சர் இருப்பார். ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில் அவர் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணன், காலுக்குக் கீழ ஈரமா இரிக்கி."

"மிஸ்ஸுட சொதி திரும்பவும் ஊத்திட்டு," என்றார் ஆங்கில ஆசிரியர்.

"நான் இண்டைக்குக் கொண்டுவந்தது புட்டு. புட்டு எப்பிடி சேர் ஒழுகும்?"

"அப்ப சொதி வீட்டிலயா? மனிசன் குடுத்துவச்சவர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது பேரின் நனைந்த செருப்புகளும் குடைகளும் இருக்கும் வானில் ஈரம் ஒரு செய்தியே இல்லை. அடுத்த வாரம் கணித டீச்சர், ஏதோ இனிப்பு வாசம் வருகிறது என்றார். யாருடைய பார்சலில் பாயாசம் என்று தேடினார்கள். நான் கதவுப் பக்கத்துத் தரையில் பத்திரிகைத் தாள்களை விரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். எஞ்சினைத் தவிர வேறெங்கும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதக் கடைசியில், வவுணதீவு தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வட்டை வெறித்துக் கிடக்கும் இடத்தில் முள் உச்சிக்குப் போனது. வீடு எதுவும் இல்லை. மழை பெய்தது. கொண்டுபோன இரண்டு போத்தல்களையும் ஏற்கெனவே ஊற்றிவிட்டேன். வாய்க்காலில் அள்ளிவந்து, சூடு ஆறக் காத்திருந்தேன். வானுக்குள் யாரும் பகிடி விடவில்லை. அன்று பாடசாலைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருந்தார். ஒன்பது பெயர்களும் கோட்டுக்குக் கீழே போயின.

திரும்பி வரும்போது எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. நிருபராக இருந்த காலத்தில் மூடிய கதவுகளுக்கு வெளியே பலமுறை நின்றிருக்கிறேன். உள்ளே முடிவெடுத்துவிட்டார்கள் என்பதை வெளியே வருகிறவர்களின் மரியாதையில் கண்டுகொள்ளலாம். அன்று எல்லோரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள்.

இரண்டு டீச்சர்மார் ஸ்கூட்டியில் போகப்போவதாகச் சொன்னார்கள், வழியில் ஏதோ வேலை இருக்கிறதாம். ஆங்கில ஆசிரியருக்கு நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கிடைத்தது. கணித டீச்சரும் வேறு மூவரும் சொல்லிவிட்டுப் போகச் சங்கடப்பட்டு, மாதச் சம்பள நாளில், வேறு வான் பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். மிஞ்சியவர்கள் மூத்த ஆசிரியரும் புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு டீச்சரும். இரண்டு பேரின் காசு டீசலுக்குக் காணாது. தண்ணீர் குறைவது நின்றுவிட்டால் மற்றவர்கள் திரும்புவார்கள் என்று நினைத்து ஓடினேன்.

கார்த்திகையில் மழை சில நாட்கள் விட்டிருந்தது. அன்று செருப்புகள் காய்ந்திருந்தன, குடை எவரிடமும் இல்லை. பின்னேரம் தரையிலிருந்த தாளை மாற்றக் கையில் எடுத்தபோது அதன் ஒரு கரை நனைந்திருந்தது. பச்சையாக, இனிப்பு வாசத்தோடு.

றப்பர் விரிப்பைத் தூக்கினேன். அடியிலிருந்த தடித்த கம்பளி, பிழிந்தால் ஊற்றும் அளவுக்கு ஊறியிருந்தது. ஈரம் கணித டீச்சரின் பழைய இருக்கைக்குக் கீழேயிருந்த தகரப் பெட்டியிலிருந்து வந்தது. வருடக்கணக்காக அதன் மேல் பைகளை வைத்திருக்கிறோம். அது என்னவென்று யாரும் கேட்டதில்லை.

காக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தார்.

"தம்பி, இது ஹீற்றர்."

"என்னத்துக்கு?"

"பனி நாட்டு வண்டிதானே. எஞ்சினில சுடுற தண்ணியக் குழாயால பின்னுக்குக் கொண்டுவந்து ஆக்கள்ட காலச் சூடாக்குற." அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "மட்டக்களப்பில ஆரு வாப்பா ஹீற்றரத் தேடுவான்?"

வானுக்கு அடியால் போன இரண்டு குழாய்களையும் எஞ்சின் பக்கத்திலேயே வெட்டி, ஒரு சாண் ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. புது றேடியேட்டரும் புது பம்பும் தேவையே இல்லாதவை.

கம்பளியைக் காயவைக்க, வீட்டில் எல்லா இருக்கைகளையும் கழற்றி முற்றத்தில் இறக்கினேன். சனியும் ஞாயிறு காலையும் வானை வெறுமையாக ஓட்டிப் பார்த்தேன். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. பிறகு கணித டீச்சருக்கு அழைத்து, அவருடைய இருக்கைக்குக் கீழேயிருந்த ஒழுக்கு நின்றுவிட்டது, திரும்பி வரலாம் என்றேன்.

"சந்தோசம் அண்ணன்," என்றார். "ஆனா இந்த வான்காரரிட்ட வருசம் முடியுமட்டும் வாறம் எண்டு சொல்லிப்போட்டம். இனி எப்பிடி மாட்டம் எண்டுற?" பிறகு சொன்னார்: "அப்ப அது என்ட சொதி இல்ல."

"இல்ல மிஸ்."

"அத அந்த சேருக்கும் ஒருக்காச் சொல்லுங்க."

ஆங்கில ஆசிரியருக்கும் அழைத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். வருவதாகச் சொல்லவில்லை. ஸ்கூட்டிக்காரர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் புதிய டீச்சரின் தகப்பன் அழைத்தார். பிள்ளையை இரண்டு ஆண்களோடு தனியே அனுப்ப வீட்டில் விருப்பமில்லை, குறை நினைக்கக் கூடாது என்றார். மூத்த ஆசிரியருக்கு நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னை முடிக்க விடவில்லை.

"எனக்கெண்டு தனிய ஓடாதங்க தம்பி. மிச்சம் கிடக்கிற லீவ எடுக்கப்போறன். பென்சனுக்குப் போற ஆள்தானே."

அப்போதே வானம் இருட்டிவிட்டது. நான் கருவிப் பெட்டியையும் நட்டுகள் போட்ட தகரப் பேணியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். முதல் துளிகள் விழுந்தன. மனைவி படியில் நின்றாள்.

"இஞ்சாருங்க, சீற்றெல்லாம் நனையப்போகுது."

"பிடி. வானுக்குள்ள ஏத்துவம்."

"ஆருக்கு?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. நான் கருவிப் பெட்டியைப் படியில் வைத்தேன். அவள் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். ஒவ்வொன்றாக விறாந்தைக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தோம். பின்வரிசை இருக்கை நீளமானது. எப்படித் திருப்பினாலும் விறாந்தை வாசலால் போகவில்லை. அதை மழையிலேயே விட்டோம்.